மலைவழி நடத்தல் வீண்செயலா?

இல்லறத்தார்க்கென வகுக்கப்பெற்ற பன்னிரண்டு விரதங்களுள் ஐந்து அணுவிரதங்களை நம் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் ஒப்பிப்பர். அடுத்து வரும் குணவிரதங்கள் மூன்றும் பெரும்பாலும் பெயரளவில் நின்றுவிடுகின்றன. அவற்றுள் ஒன்றாகிய அனர்த்ததண்ட விரதம், பயனொன்றும் இன்றிப் பிற உயிர்கட்குத் தீங்கு செய்யும் செயல்களினின்று விலகி நிற்றலைக் குறிப்பது. உணவுக்கும் உடைக்கும் தொழிலுக்கும் சிறிதளவு தீங்கு நேர்வது இல்லறத்தில் தவிர்க்க இயலாதது என்று ஒப்புக்கொண்ட நம் ஆசாரியர்கள், தேவையே இல்லாமல் செய்யும் தீங்கைத் தனியே பிரித்து, அதனைத் தண்டனைக்குரிய செயல் என்றே பெயரிட்டனர்.

சமந்தபத்திர ஆசாரியரின் ரத்னகரண்டக சிராவகாசாரம் இவ்வீண் தீங்குகளை ஐந்தாக வகுக்கிறது. அருங்கலச்செப்பின் வாயிலாகத் தமிழிலும் நாம் அறிந்த வகைப்பாடுதான். ஐந்தாவதாகிய பிரமாதசரியை என்பதில், வீணே மண்ணைக் கிளறுதல், நீரைக் கலக்குதல், தீ மூட்டுதல், காற்றை அலைத்தல், செடிகொடிகளைக் கொய்தல் ஆகியவற்றை எண்ணிய பின்னர், இறுதியாக இரண்டு செயல்கள் சேர்க்கப்பட்டுள்ளன. ஒன்று, வீணே அலைதல். மற்றொன்று, பிறரை வீணே அலையச் செய்தல்.

இவ்விரண்டையும் இன்றைக்கு வைத்துப் பார்க்குங்கால் ஒரு கேள்வி எழுகிறது. கோடை விடுமுறை வந்தால் திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் நம் குடும்பங்கள் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் புறப்படுகின்றன. இளைஞர்களோ பேருந்து செல்லும் இடத்தோடு மனநிறைவு கொள்வதில்லை. காட்டுவழி நடந்து அருவியைக் காணவும் ஓடைக்கரையில் தங்கவும் விரும்புகின்றனர். தமிழ்நாடு அரசே 2024ஆம் ஆண்டு அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 மலைவழிகளைக் குறித்து, முன்பதிவு செய்து நடக்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. வழிபாடு இல்லை, வாணிபம் இல்லை, உறவினர் இல்லம் இல்லை. காண்பதற்காக மட்டுமே மலைமேல் நடப்பது வீணே அலைதலாகுமா?

"இயற்கையை ரசிப்பதில் என்ன குற்றம்?" என்று கேட்டு இதனைக் கடந்துவிடுவோர் உளர். "வீட்டிலேயே இருந்துவிட்டால் வினை இல்லை" என்று முடித்துவிடுவோரும் உளர். இரு சாராரும் சற்று விரைந்துவிட்டனர் என்றே தோன்றுகிறது.

ஒரு வழி என்பது மண்ணுக்கு என்ன செய்கிறது என்பதை அறிய மலைக்குப் போக வேண்டியதில்லை. நான் இதனை எழுதும் இரும்பையைச் சுற்றியுள்ள செம்மண் மேட்டைப் பார்த்தாலே போதும். மாகாளேசுவரர் கோயிலால் பெயர்பெற்ற ஊர் இது. இம்மேட்டில் மரங்கள் அழிந்த பின்னர் மழைநீர் அறுத்த ஓடைப் பள்ளங்கள் சில ஆள் உயரத்தினும் ஆழமானவை. இத்தகைய பள்ளம் ஒரே நாளில் தோன்றுவதன்று. மாடும் மனிதரும் வண்டியும் ஒரே தடத்தில் செல்லச்செல்லப் புல் தேய்கிறது, மண் இறுகுகிறது, இறுகிய மண் நீரை உறிஞ்சுவதில்லை. எனவே மழை பெய்யும்போது நீர் அத்தடத்தையே தேடி ஓடுகிறது. நடைவழி நீர்வழியாகிறது, நீர்வழி பள்ளமாகிறது. 1968இல் அருகில் ஆரோவில் நகரம் தொடங்கப்பெற்றபின், அங்கே குடியேறியோர் வரப்பு எடுத்தும் மரம் நட்டும் இவ்வரிப்பைத் தடுக்கப் பல்லாண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. கால் தேய்த்ததைச் சீராக்க ஒரு தலைமுறை ஆயிற்று.

இப்பொழுது நீலகிரியை நினைவு கொள்வோம். அம்மலையின் மேற்கு விளிம்பில் 78.46 சதுர கிலோமீட்டர் பரப்பில் உள்ளது முக்குருத்தி தேசியப் பூங்கா. பூங்கா என்றவுடன் பாத்தியும் நீரூற்றும் நினைவிற்கு வரும், இது அத்தகையதன்று. முதலில் சரணாலயமாக இருந்து, 1990இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற புல்வெளி மலைகள் இவை. வரையாட்டைக் காப்பதே இதன் தலையாய நோக்கம். 2024இல் எடுக்கப்பெற்ற கணக்கெடுப்பில் தமிழகம் முழுவதிலும் 1,031 வரையாடுகளே இருந்தன. நம் மாநில விலங்கின் முழுக் குலமும் ஒரு சிற்றூர் மக்கள்தொகைக்குள் அடங்கிவிடுகிறது.

அம்மலைகளின் அமைப்பை அறிந்தவர்க்கு அங்கே கால் வைக்கவே தயக்கம் தோன்றும். மேட்டுச் சரிவுகளில் புல். மடிப்புகளில் குள்ளமான, அடர்ந்த சோலைக்காடு. பெய்த மழையைப் புல்வேர்களும் சோலையின் இலைமக்கும் பஞ்சு போல் ஏந்தி வைத்துச் சிறிது சிறிதாக விடுகின்றன. மழை நின்ற பின்னும் ஓடைகளில் நீர் ஓடுவது இதனால்தான். முக்குருத்திப் பகுதியில் தோன்றும் பைக்காரா ஆறு மோயாறாகிப் பவானியில் கலந்து காவிரியை அடைகிறது. ஈரோட்டு வயலுக்கும் தஞ்சை வயலுக்கும் செல்லும் நீரில் ஒரு பங்கு அப்புல்லின் வேரில் தங்கியிருந்தது. அங்கே ஒரு தடம் பிறந்தால் இரும்பையில் நேர்ந்ததே அங்கும் நேரும். சரிவு மிகுதியாதலால் விரைவிலும் நேரும்.

நம் நூல்கள் மண்ணையும் நீரையும் வெறும் பொருள்களாகக் கூறவில்லை. பிருதிவிகாயிகம், அப்புகாயிகம் என அவற்றையே உடலாகக் கொண்ட ஓரறிவு உயிர்கள் உள என்பது நம் கோட்பாடு. ஓடைக்கரைக் கல்லின் மேல் படர்ந்த பாசியோ, எண்ணிறந்த உயிர்கள் ஓருடலில் உறையும் இடம். இக்கருத்துடையவர் ஒருவர் ஈரப் புல்வெளியில் நடப்பதும், இல்லாதவர் நடப்பதும் ஒன்றாக இருத்தல் ஆகாது. முனிவர்க்கு விதித்த ஈர்யா சமிதி, ஒரு நுகத்தடி தூரம் முன்னே பார்த்து, உயிர்களை விலக்கிக் காலை வைக்கச் சொல்கிறது. காட்சிக்காக நடப்பவர் கண்ணோ தொலைவில் இருக்கிறது, காலடியில் இல்லை. மலைவழியின் முதற் சிக்கல் இதுவே. எதனைக் காணச் சென்றோமோ, அதனைக் காணும் ஆவலே அடியில் உள்ளதை மறைத்துவிடுகிறது.

தோடர் மக்களுக்கு முக்குருத்திச் சிகரம் இறந்தோரின் உயிர் மறுவுலகு செல்லும் வாயில். அந்நம்பிக்கை நம்முடையதன்று. ஆயினும் ஒரு மலையை இருப்போர் பொழுதுபோக்கும் இடமாக எண்ணாத மக்கள் அதன் அடியிலேயே நெடுங்காலம் வாழ்ந்துள்ளனர் என்பது எண்ணத்தக்கது. இதற்கு நேர் எதிரான கருத்து 1872இல் அமெரிக்காவின் எல்லோஸ்டோனில் சட்டமாயிற்று. உலகின் முதல் தேசியப் பூங்காவாகக் கருதப்படும் அதனை மக்களின் இன்பத்துக்கும் நன்மைக்கும் உரியதாகவே அச்சட்டம் ஒதுக்கி வைத்தது. நமது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கிறது. தேசியப் பூங்காவினுள் கால்நடை மேய்க்கவும் தடை உண்டு. உள்ளே நுழைய அனுமதி வேண்டும்; எக்காரணத்திற்காக அனுமதி தரலாம் என்பதையும் சட்டம் எண்ணிச் சொல்கிறது. உயிரின ஆய்வு, ஒளிப்படம், அறிவியல் ஆராய்ச்சி முதலியவற்றோடு சுற்றுலாவும் அப்பட்டியலில் இடம்பெறுகிறது. ஆக, "நீ எதற்காகச் செல்கிறாய்?" என்று அரசின் சட்டமும் கேட்கிறது. சுற்றுலாவுக்கு என்றால் அது ஏற்றுக்கொள்ளும். சிராவகரின் விரதம் அவ்விடத்தில் நின்றுவிடுவதில்லை, "சுற்றி என்ன பெற்றாய்?" என்று மேலும் ஒன்றைக் கேட்கிறது.

நீரைப் பற்றியும் கூற வேண்டும். இன்பத்திற்காகச் செய்த வீண்தீங்கு ஒரு நீர்நிலையில் எத்தனை காலம் நிற்கும் என்பதற்கு நீலகிரி ஓடைகளே சான்று. தூண்டில் விளையாட்டில் விருப்பம் கொண்ட வெள்ளையர், தம் நாட்டு ஆறுகளில் பழகிய டிரவுட் மீனை இம்மலை ஓடைகளில் விட முனைந்தனர். 1907இல் அவலாஞ்சியில் அதற்கென மீன்குஞ்சு பொரிப்பகமும் அமைந்தது. தூண்டில் போட்டவர்கள் சென்றுவிட்டனர். அம்மீன் இன்றும் அங்கே வாழ்கிறது. பிற உயிர்களை இரையாக்கும் மீனை, அதனை அறியாத நீரில் கொண்டுவந்து விட்டதற்குப் பசியும் காரணமன்று, தொழிலும் காரணமன்று. அனர்த்ததண்டம் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. விளையாட்டிற்காக உயிரைக் கொன்றதோடு அத்தீங்கு முடியவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் தொடர்கிறது.

நம் வீடுகளில் நீரை வடித்துப் பருகும் வழக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. வடித்த துணியில் தங்கியவற்றை வெயிலில் உதறுவதில்லை. வேறு கிணற்றிலும் விடுவதில்லை. எந்த நீரிலிருந்து எடுத்தோமோ அந்த நீரிலேயே அலசி விட வேண்டும் என்பது முறை. குழாய் நீர் வந்த பிறகு இதன் பொருள் இளையோர்க்கு மறந்துபோயிற்று. ஒரு நீரின் உயிர் மற்றொரு நீரில் வாழாது. வாழ்ந்தால் அங்குள்ளதை அழித்து வாழும். அவலாஞ்சியில் டிரவுட்டை விட்டவர்க்குத் தெரியாத ஒன்றை, கிணற்றடியில் துணி அலசிய நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். மலையோடையில் சோப்புக் குளியல் வேண்டா, பாத்திரம் துலக்க வேண்டா, அடுத்த ஓடையிலிருந்து எதனையும் கொண்டுவந்து கலக்க வேண்டா என்று இன்று வனத்துறையினர் சொல்வது நமக்குப் புதிய பாடமாக இருக்கத் தேவையில்லை.

இனி, பிறரை அலையச் செய்தல். இது நம் காலத்தில் மிகப் பெருகிவிட்ட தீங்கு. ஒருவர் கண்ட அருவியை அவர் கைப்பேசி அன்று மாலையே ஆயிரவர்க்குக் காட்டுகிறது. அடுத்த வாரம் அவ்வாயிரவரில் நூற்றுவர் அங்கே நிற்கின்றனர். முதலில் சென்றவர் காலணித் தடம் ஒன்றுதான். அவர் பெருக்கிய தடங்கள் நூறு. இவ்வினையின் பங்கு எவரைச் சேரும் என்பதைச் செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படல் என மூன்றாகப் பகுத்த நம் நூல்வழி சிந்தித்துக்கொள்ளலாம். நீலகிரிக்கு வரும் வண்டிகள் தாங்கவொண்ணா அளவை எட்டியதால், சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024ஆம் ஆண்டு மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று எல்லையும் குறிக்கப்பெற்றது. குணவிரதங்களில் திக்விரதம் என ஒன்றுண்டு. இத்திசையில் இவ்வளவு தூரமே செல்வேன் என்று ஒருவர் தாமே எல்லை வகுத்துக்கொள்வது. தாமே வகுத்துக்கொள்ள வேண்டியதை நீதிமன்றம் வகுக்கும் நிலை வந்துவிட்டது.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, போகாமல் இருப்பதே அகிம்சை என்று முடிவு செய்துவிடலாம் எனத் தோன்றும். அவ்வாறு முடிக்க என்னால் இயலவில்லை. ஏனெனில், ஒருவரும் செல்லாத மலைக்கு நேர்வது என்ன என்பதை நாம் கண்டிருக்கிறோம்.

இரும்பைக்கு மேற்கே, இதே வானூர் வட்டத்தில் உள்ளது திருவக்கரை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் காப்பில் இருக்கும் தேசியக் கல்மரப் பூங்கா அங்கே இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்து, கல்லாகிவிட்ட மரங்கள் அவை. கிளையும் இலையும் பட்டையும் இன்றி அடிமரங்களாகவே கிடப்பதால், அவை நெடுந்தொலைவு நீரில் உருண்டு வந்தவை என்று அறிஞர் கருதுவர். அருகில் ஓடும் சங்கராபரணி ஆறு செஞ்சிக் குன்றுப் பகுதியில் தோன்றி, வீடூர் அணையைக் கடந்து, புதுவையருகே கடலில் கலப்பது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா வந்து பார்த்து எழுதிய காலந்தொட்டு அக்கல்மரங்களைத் தேடி எவரேனும் நடந்து வந்தபடி இருந்தனர். அதனால் அவற்றிற்கு வேலி உண்டாயிற்று. அவ்வாறு எவரும் தேடி வராத சுற்றுப்புறப் பாறைகளோ கல் குவாரிகளாகி, ஜல்லியாகி லாரிகளில் சென்றுகொண்டிருக்கின்றன. நாம் போகாமல் இருந்ததால் அந்நிலவுயிர்கள் காக்கப்படவில்லை. எவருக்கும் வேண்டாத கல் என்று கணக்கில் எழுதப்பட்டன.

மதுரைப் பக்கத்து நிகழ்ச்சி நமக்கு இன்னும் நெருக்கமானது. அறவோர் கற்படுக்கைகளும் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் மிகுந்த குன்றுகள் அங்கே வரிசையாக உள்ளன. எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் 2010இல் தொடங்கிய 'பசுமை நடை' என்னும் இயக்கத்தார், அக்குன்றுகளுக்கு மக்களை அழைத்துச் சென்று கல்வெட்டையும் சிற்பத்தையும் சுனையையும் காட்டி வந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நம் சமயத்தினர் அல்லர் என்பதை நாம் சற்று நாணத்தோடு நினைக்க வேண்டும். மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியும் அத்தகைய இடம். ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள் உடைய அப்பகுதியின் 193 ஹெக்டேர் பரப்பு 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றது. ஈராண்டு கழித்து, 2024 நவம்பரில், அதனையும் உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. ஊர்மக்கள் திரண்டனர், சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது, 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அவ்வேலத்தை நீக்கியதாக அறிவித்தது. அம்மலையின் பெயரைக்கூட அறியாதிருந்த வெளியூர் மக்கள் பலரும் குரல் கொடுத்தனர் என்றால், அங்கே நடந்து சென்றவர்கள் அதற்கு முன்பே அப்பெயரைப் பரப்பியிருந்ததும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது.

ஆகவே, கண்ணாற் காணுதல் வீண் என்று நான் கூறமாட்டேன். கண்டவரே காக்க முன்வருகின்றனர். கண்டவரால்தான் பெரும்பாலும் கெடவும் செய்கிறது. இவ்விரண்டையும் பிரிப்பது எது என்பதே உண்மையான கேள்வி.

நம் முனிவர்களும் மலைவழி நடந்தவர்களே, பெரிதும் நடந்தவர்கள். ஊர் ஊராய் விகாரம் செய்வது அவர்தம் கடமை. ஆனால் ஆடி முதல் கார்த்திகை வரை, மழையால் புல்லும் புழுவும் பூச்சியும் நிலமெங்கும் பெருகியிருக்கும் நான்கு மாதங்களில், சாதுர்மாஸ்யம் என்று ஓரிடத்தில் தங்கிவிடுவர். நடையே வாழ்வாகக் கொண்டவர் நடவாமலும் இருக்கக் கற்றிருந்தனர். மலைவழி நடப்பவரைச் சோதிக்கும் உரைகல் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. "இப்பொழுது வாராதே" என்று மலை சொல்லும்போது அவர் நிற்கிறாரா? அவ்வாறு நிற்பவர் ஏனைய நாளில் செல்வது வீணே அலைதலாகாது. விடுப்புக் கிடைத்துவிட்டது, பணம் கட்டியாயிற்று, ஆகவே போயே தீருவேன் என்பவர் கோயிலுக்கே சென்றாலும் அது அலைதல்தான்.

2018ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் கோடைக் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுட் பலர் இளம் பெண்கள். அம்மரணங்களைப் பற்றி நீதி உரைக்க எவருக்கும் உரிமையில்லை. அக்குடும்பங்களின் துயரம் பெரிது. அதன்பின்னர் அவ்வாண்டே மலையேற்றத்திற்குத் தனி விதிகள் வந்தன. 2025இல் அரசின் மலைவழிகள் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் கருதி மூடப்பட்டன. கேரளத்து இரவிகுளம் தேசியப் பூங்கா, வரையாடு குட்டி ஈனும் பருவத்தில் ஆண்டுதோறும் மூடப்படுகிறது. இவற்றோடு நம் நான்கு மாதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், மலைக்குச் செல்லத் தகுந்த நாள் ஆண்டில் ஏறத்தாழப் பாதியே எஞ்சும். நமக்கு விடுப்பு அந்நாட்களில் வாராமற்போனால் அது நம் வசதிக் குறைவேயன்றி மலையின் குற்றமன்று.

நம் வட்டாரத்திலேயே இக்கேள்வி விடைக்குக் காத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. செஞ்சிக்கு அருகில் சிறுகடம்பூரை ஒட்டிய திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் ஒரே பாறையில் இரு வரிசையாக எழுந்தருளியுள்ளனர். சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உடல் துறந்த செய்தியைச் சொல்லும் பழங்கல்வெட்டும் அங்கே உள்ளது. தமிழில் 'ஐ' எழுத்து முதலில் காணப்படும் கல்வெட்டாகவும் அதனைக் கூறுவர். இத்தகைய குன்றுகளைப் பற்றி நம் கூட்டங்களில் பேச்செழும்போதெல்லாம், உச்சிவரை வாகனம் செல்லும் சாலை, மின்விளக்கு வரிசை, தங்குமிடம், உணவுக்கூடம் என்று விருப்பங்கள் நீள்வதைக் கேட்டிருக்கிறேன். முதியோர் ஏற இயலவில்லை என்பது அவர்கள் கூறும் காரணம். அது பொய்க்காரணமன்று. முழங்கால் நோயுடன் அடிவாரத்திலேயே நின்று கைகூப்பித் திரும்பும் மூதாட்டியர் நம் இல்லந்தோறும் இருக்கின்றனர். அவர்களுக்காகப் படியும் பிடிக்கம்பியும் அமைப்பதை நான் எதிர்க்கமாட்டேன். இளைஞர் நால்வர் டோலியில் சுமந்து ஏறுவதாயின் இன்னும் நன்று. ஆனால் பாறையை வெடிவைத்துப் பிளந்து போடும் சாலையில் மூதாட்டியின் வண்டி ஒன்று ஏறினால், அதன்பின் ஏறும் வண்டிகள் அவருக்காக ஏறுவன அல்ல. ஐம்பத்தேழு நாள் ஒரு துளி உணவுமின்றி ஒருவர் அமர்ந்திருந்த பாறைக்கு அருகில் உணவுக்கூடம் எழுப்புவது எங்ஙனம் பொருந்தும் என்பதை அதனை வேண்டுவோரே கூறட்டும்.

அக்குன்றிற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். காலைப்பொழுதில், சிறு கூட்டமாக, தண்ணீரை வீட்டிலிருந்தே வடித்து எடுத்துக்கொண்டு செல்லுங்கள். ஏறும்போது பேச்சைக் குறைத்து, காலடியில் எறும்பு வரிசை எங்கே குறுக்கிடுகிறது என்று பிள்ளைகளையே பார்த்துச் சொல்லச் செய்யுங்கள். மேலே சென்றதும் சுற்றிலும் தெரியும் செஞ்சிக் குன்றுகளைக் காட்டி, சங்கராபரணி அப்பக்கத்திலிருந்துதான் வருகிறது என்பதையும், கீழே எங்கெங்கே கல் உடைக்கிறார்கள் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.